53 பேர் பட்டியலில் கடைசி இடம்: வாசகர் கேள்வி-பதில்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால், அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல் ஆட்டங்களைப் பின்தொடரும் வாசகர்கள் அனுப்பும் கேள்விகளின் போக்கே மாறிவிடுகிறது. நட்சத்திர வீரர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குள் ஒவ்வொரு அணியும் தன் ஆட்களை 53 பேராகக் குறைத்தாக வேண்டும்; அந்தப் பட்டியலில் இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஊசலாடிக்கொண்டிருக்கும் வீரர்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வந்தவற்றுள் தற்காப்பு வரிசை, அதாவது எதிரணி முன்னேறாமல் முன்னால் நின்று தடுக்கும் டிஃபென்சிவ் லைன், தொடர்பான கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். களத்தில் மிகவும் கனமான ஆட்கள் மோதிக்கொள்ளும் இடம் அது என்பதால், அங்கே நடக்கும் போட்டியைத் தொலைக்காட்சியில் சரியாகப் பார்ப்பதும் கடினம்.

கேள்வி: நான் ஆதரிக்கும் அணியில், முன்பருவ ஆட்டங்களில் மூன்று சாக் (எதிரணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறியுமுன் வீழ்த்துவது) எடுத்த இளம் வீரரை நீக்கிவிட்டு, ஒரு சாக் கூட எடுக்காத இன்னொருவரை வைத்துக்கொண்டார்கள். இதில் என்ன நியாயம் இருக்கிறது? (வாசகர், ஆஸ்டின்)

நியாயம் இருக்கட்டும், அந்த மூன்று சாக்குகளும் எந்தக் கால்பகுதியில், யாருக்கு எதிராக வந்தன என்று முதலில் பாருங்கள். முன்பருவ ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் எதிரணியின் தாக்குதல் வரிசையில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிளாக நிற்பவர், பெரும்பாலும் சில நாட்களில் தாமே நீக்கப்படப் போகிறவர். அவருக்குப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக் அணியின் மூன்றாவது அல்லது நான்காவது ஆள். பந்தை எப்போது கையைவிட்டு எறிய வேண்டும் என்ற நிதானம் இன்னும் கைவராதவர். அவர் ஒரு நொடி கூடுதலாகத் தயங்கினால், சுமாராகத் தள்ளிக்கொண்டு வந்தவர் கணக்கிலும் ஒரு சாக் ஏறிவிடும். போதாக்குறைக்கு, முன்பருவத்தில் எந்த அணியும் தன் உண்மையான ஆட்டத் திட்டத்தை வெளியே காட்டுவதில்லை. எளிய, அடிப்படையான ஆட்டங்களை மட்டுமே ஆடும். ஆகவே சாக் எண்ணிக்கையைப் பயிற்சியாளர்கள் பார்க்காமல் இல்லை, ஆனால் அதை நம்பி யாரையும் தேர்வு செய்வதுமில்லை.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஓட்டத்துக்கு எதிரான ஆட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். முதல் முயற்சி, பத்து கஜம் தேவை, எதிரணி பந்தை எறியாமல் ஓடத்தான் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த தருணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீரர், எதிரணித் தாக்குதல் வரிசையின் நடுவில் நிற்கும் சென்டரின் ஒரு தோளுக்கு நேரே கையூன்றிக் குனிந்திருக்கிறார். பந்து அசைந்ததும் சென்டரும் பக்கத்திலுள்ள கார்டும் இடுப்போடு இடுப்பு ஒட்டியபடி அவர்மேல் பாய்கிறார்கள்; இருவருமே ஆளுக்கு 300 பவுண்டைத் தாண்டியவர்கள். இதைத்தான் டபுள் டீம் என்கிறோம். அவரைப் பின்னுக்குத் தள்ளுவது அவர்கள் வேலையில் பாதிதான். தள்ளிக்கொண்டே இருவரில் ஒருவர் கழன்று, நம்மவருக்குப் பின்னால் நிற்கும் நம் லைன்பேக்கரைத் தடுக்கப் போக வேண்டும், அதுதான் மறுபாதி. நம்மவர் தம் தோளை அவர்களுடைய தோளுக்குக் கீழே கொண்டுபோய், இடுப்பைக் கார்டின் பக்கமாகத் திருப்பி, வேறு வழியில்லையென்றால் ஒரு முழங்காலைத் தரையில் குத்தி, நின்ற இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருந்தால், இருவருமே அவரோடு சிக்கிக்கொள்வார்கள். லைன்பேக்கர் தடையில்லாமல் வந்து ஓட்டக்காரரை இரண்டு கஜத்தில் மடக்குவார். மறுநாள் புள்ளிவிவரத்தில் லைன்பேக்கரின் பெயர் இருக்கும்; முழங்காலைக் குத்தி நின்றவரின் பெயர் இருக்காது. ஆனால் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும், அதாவது பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறைக்கும், காணொளியை ஓட்டி நிறுத்திப் பயிற்சியாளர் போடும் மதிப்பெண்ணில் அவருக்கு அது நல்ல குறியாகப் பதிவாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஒவ்வொரு தற்காப்பு வரிசை வீரருக்கும் காக்க வேண்டிய இடைவெளி ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாக் ஆசையில் அதைக் கைவிட்டு, உட்பக்கமாகச் சுற்றிப் புகுந்து குவார்ட்டர்பேக்கை வீழ்த்துபவருக்கு அரங்கம் கைதட்டும். மதிப்பெண் தாளில் அது பிழையாகவே ஏறும். அடுத்த மாதம் ஒரு தேர்ந்த குவார்ட்டர்பேக் அதே இடைவெளி வழியாக வெளியேறி இருபது கஜம் ஓடிவிடுவார் என்பது பயிற்சியாளருக்குத் தெரியும். நீங்கள் குறிப்பிடும் வீரர் அப்படி ஆடினாரா என்பதை அந்த ஆட்டங்களைப் பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. ஆனால் மூன்று சாக் எடுத்தும் ஒருவர் நீக்கப்பட்டால், அவருடைய ஓட்டத் தடுப்பை மீண்டும் ஒருமுறை பாருங்கள் என்பேன்.

கேள்வி: சில அணிகள் பத்து தற்காப்பு வரிசை வீரர்களை வைத்துக்கொள்கின்றன; சில அணிகள் ஆறு பேரோடு நிறுத்திவிடுகின்றன. விதி எதுவும் இல்லையா? (வாசகி, கொலம்பஸ்)

மொத்த எண்ணிக்கைக்கு விதி உண்டு, உள்பங்கீட்டுக்கு இல்லை. பயிற்சி முகாமில் 90 பேர் வரை இருக்கலாம், பருவம் தொடங்கும்போது 53 பேர்தான் இருக்க வேண்டும். அந்த 53 இடங்களை எப்படிப் பிரிப்பது என்பது அணியின் விருப்பம். நீங்கள் பார்க்கும் வேறுபாட்டில் பாதி, பெயரில் வருவது. நான்கு பேரை முன்வரிசையில் நிறுத்தும் 4-3 முறையில் ஓரத்தில் நிற்பவர்களும் தற்காப்பு வரிசைக் கணக்கில் வருவதால் ஒன்பது, பத்து பேர் தேவைப்படுகிறார்கள். மூவரை நிறுத்தும் 3-4 முறையில் ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை நோக்கி வருபவர்கள் லைன்பேக்கர்களாகப் பதிவாகிறார்கள்; ஆகவே வரிசையில் ஆறேழு பேர் மட்டும் இருப்பதுபோலத் தெரியும்.

மறுபாதி உண்மையான வேறுபாடு. இந்த இடத்தில் ஆடுபவர்கள் ஆட்டம் முழுவதும் களத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழ 320 பவுண்டு எடையுள்ள ஒருவர் தொடர்ந்து எட்டு ஸ்னாப் மோதினால் ஒன்பதாவதில் நிமிர்ந்துவிடுவார். நிமிர்ந்தவரைத் தள்ளுவது எளிது. அதனால் ஆட்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். சுழற்சியை நம்பும் பயிற்சியாளருக்கு எட்டாவது, ஒன்பதாவது ஆள்கூட உண்மையான ஆட்டக்காரர். இரண்டு நட்சத்திரங்களையே நம்பும் அணியில் ஏழாவது ஆள் காப்பீடு மட்டுமே. தவிரவும், இப்போதெல்லாம் அணிகள் பெரும்பாலும் ஐந்து பின்வரிசைத் தற்காப்பாளர்களோடு ஆடுகின்றன. அப்போது வரிசையின் நடுவில் இருவருக்குத்தான் இடம். ஓட்டத்தை மட்டும் தடுக்கத் தெரிந்த சென்டருக்கு நேரே நிற்கும் பெருத்த நோஸ் டேக்கிளின் மவுசு குறைந்துபோனதற்கு இதுவே காரணம்.

இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 53 பேர் இருந்தாலும் ஆட்ட நாளில் உடையணிந்து நிற்க முடிந்தவர்கள் 48 பேர்தான், அதுவும் தாக்குதல் வரிசையில் குறைந்தது எட்டுப் பேரைச் சேர்த்திருந்தால், இல்லையென்றால் 47. இந்த எண்ணிக்கையில், 53-க்கு வெளியே அணி வைத்திருக்கும் பயிற்சி அணியிலிருந்து அன்று உயர்த்தப்படுபவர்களும் அடக்கம். ஆகவே கடைசித் தற்காப்பு வரிசை வீரர் இடம் பிடித்த பிறகும் பல வாரங்கள் பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி: தற்காப்பு வரிசையின் நடுவில் ஆடும் அனுபவமுள்ள ஒரு டேக்கிளை செவ்வாய்க்கிழமை நீக்கிவிட்டு, அடுத்த நாளோ அடுத்த வாரமோ மீண்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். இது நாடகமா? (வாசகர், ராலி)

நாடகம் என்று சொல்லமாட்டேன். முன்பே பேசி வைத்த ஏற்பாடு என்று சொல்லலாம். விதிகளைப் பார்த்தால் விளங்கும்.

நான்கு ஆண்டுப் பணிக்காலம் நிறையாத வீரரை நீக்கினால் அவர் வேவர் பட்டியலுக்குப் போகிறார். மற்ற 31 அணிகளில் எது வேண்டுமானாலும் மறுநாள் நண்பகலுக்குள் அவரைக் கோரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கோரினால் முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. கோரும் அணி அவருடைய ஒப்பந்தத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகளைத் தாண்டியவருக்கு இந்தச் சடங்கு இல்லை. நீக்கப்பட்ட கணமே விரும்பிய அணியோடு கையெழுத்திடலாம். ஆகவே ஓர் அணிக்கு இளைஞரையும் மூத்தவரையும் ஒருசேரத் தக்கவைத்துக்கொள்ள ஆசை இருந்தால், வேறு அணி கொத்திக்கொண்டு போகக்கூடிய இளைஞரை 53-இல் வைத்துவிட்டு, மூத்தவரிடம் "ஒரு நாள் பொறுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறது. மறுநாள் காயமுற்ற ஒருவரைக் காயப் பட்டியலுக்கு மாற்றியதும் இடம் காலியாகிறது. மூத்தவர் திரும்பி வருகிறார். காயமுற்றவரை முதலில் 53-இல் வைத்திருந்து பிறகு மாற்றினால்தான் அதே பருவத்தில் அவர் மீண்டும் ஆட முடியும் என்று முன்பு இருந்த விதி 2024-இல் தளர்த்தப்பட்டு, ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேருக்கு விலக்குத் தரப்பட்டது. எனவே இந்த ஏற்பாட்டின் தேவை இப்போது சற்றுக் குறைந்திருக்கிறது.

"அடுத்த வாரம்" என்று நீங்கள் கேட்டதற்குக் காரணம் வேறு, அது சற்றுக் கசப்பானது. பருவத்தின் முதல் ஆட்டத்தின்போது பட்டியலில் இருக்கும் மூத்த வீரரைப் பிறகு நீக்கினால், அந்த ஆண்டுச் சம்பளத்தின் மீதியை அவர் கேட்டுப் பெற வழியுண்டு. அந்தப் பொறுப்பைத் தவிர்க்க, முதல் ஆட்டம் முடியும்வரை வெளியே நிறுத்திவிட்டு இரண்டாம் வாரத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைசி இடத்துக்காகப் போட்டியிடும் 31 வயது வீரர் முகாமில் நன்றாகவே ஆடியிருக்கலாம்; அவருடைய வயதும் சம்பள உரிமையும்தான் அங்கே அவருக்கு எதிராக நின்றவை.

கேள்வி: டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவரும் சமமாக ஆடினால் யாருக்கு இடம்? (வாசகர், போர்ட்லண்ட்)

ஐந்தாம் சுற்றுக்காரருக்கு. அவருக்காக ஒரு தேர்வு வாய்ப்பைச் செலவழித்தவர்கள் அதே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஆகஸ்டிலேயே அதைத் தவறென்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது. எடுக்கப்படாதவர் சமமாக ஆடினால் போதாது, கண்ணை உறுத்தும் அளவுக்கு மேலாக ஆட வேண்டும். இரண்டாம் ஆகஸ்டில் அந்தச் சலுகை பெருமளவு கரைந்துவிடும்.

கேள்வி: பயிற்சி அணி என்பது ஆறுதல் பரிசுதானே? (வாசகர், ஆல்பனி)

பண அளவில் பார்த்தால் வேறுபாடு பெரிது. 2025 பருவத்தில் 53-இல் இடம்பெற்ற புதுமுகத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். பருவத்தின் 18 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்குச் சுமார் 46,700 டாலர். பயிற்சி அணியில் இளம் வீரருக்கு வாரம் 13,000 டாலர். முகாமிலும் முன்பருவ ஆட்டங்களிலும் ஆட்டச் சம்பளம் என்று எதுவும் கிடையாது என்பதால், அந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் வீரரின் ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

ஆனால் வாய்ப்பு என்று பார்த்தால் அது வெறும் ஆறுதல் பரிசு அல்ல, குறிப்பாகத் தற்காப்பு வரிசையில். 2020-க்குப் பிறகு பயிற்சி அணியில் 16 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர்களில் இருவரை மேலே அழைத்துக்கொள்ளலாம். ஒரு வீரரை ஒரு பருவத்தில் மூன்று முறை அப்படி அழைத்த பிறகும் அவர் வேண்டுமென்றால் 53-இலேயே சேர்த்தாக வேண்டும். கணுக்கால், முழங்கால், தோள் என்று ஏதாவது ஒன்று அடிபட்டுக்கொண்டே இருக்கும் இந்த வரிசையில், செப்டம்பரில் பயிற்சி அணியில் இருந்தவர் நவம்பரில் தொடக்க ஆட்டக்காரராக நிற்பது வியப்பான செய்தியல்ல. வேறு அணி அவரை விரும்பினால் நேராகத் தன் 53-க்கு அழைத்துக்கொள்ளவும் முடியும்.

இதனால்தான் ஆகஸ்ட் கடைசியில் அணிகள் ஒரு சூதாட்டம் ஆடுகின்றன. நல்ல இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவரை நீக்கினால் யாரும் கோராமல் வேவரைத் தாண்டி நம் பயிற்சி அணிக்கே வந்துவிடுவார் என்று கணக்குப் போடுகிறார்கள். முன்பருவத்தில் மூன்று சாக் எடுத்து எல்லோர் கண்ணிலும் பட்டவர் தாண்டமாட்டார். டபுள் டீமைத் தாங்கி நின்றும் பெயர் வெளியே தெரியாதவர் தாண்டிவிடுவார். வீரரின் பக்கம் நின்று பார்த்தால் இது எரிச்சலூட்டும் விஷயம்தான்: எந்த ஆட்டத்துக்காகத் தம் பயிற்சியாளர் தம்மை மதிக்கிறாரோ, அந்த ஆட்டமே தம்மைத் துணிந்து நீக்கவும் வழிசெய்கிறது. முதல் கேள்வி கேட்ட ஆஸ்டின் வாசகருக்கும் இது பொருந்தும். அவர் சொன்ன இளைஞரை அடுத்த நாளே வேறு அணி கோரியிருந்தால், அந்தச் சாக்குகள் வீண்போகவில்லை என்றே கொள்ள வேண்டும். அவை வேலை தேடித் தந்த இடம்தான் வேறு.

கேள்வி: இப்படிக் கடைசி இடத்திலிருந்து மேலே வந்தவர்கள் உண்டா? (வாசகி, ஆல்புகெர்கி)

நிறையப் பேர். ஜான் ராண்டிலை முதலில் சொல்ல வேண்டும். 1990 டிராஃப்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. டேக்கிள் இடத்துக்கு உடல் சிறியது என்பதே எல்லோருடைய குறையும். மினசோட்டா வைக்கிங்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. 137.5 சாக்குகளோடு ஓய்வுபெற்று, 2010-இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். டேமன் ஹாரிசன் அயோவா மாநிலத்தின் வில்லியம் பென் என்ற சிறு பல்கலைக்கழகத்திலிருந்து 2012-இல் டிராஃப்டில் எடுக்கப்படாமலேயே நியூயார்க் ஜெட்ஸ் முகாமுக்கு வந்தவர். அவர் சாக் எடுக்கும் ஆளே அல்ல. ஓட்டத்தைத் தடுப்பது ஒன்றை மட்டுமே செய்து, 2016-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஆடியபோது அந்தப் பருவத்தின் சிறந்த வீரர்களைக் குறிக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பெற்றார்.

ஆனால் நம் பேச்சுக்கு மிகவும் பொருத்தமானவர் மைக்கேல் பென்னட். 2009-இல் அவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். சியாட்டல் சீஹாக்ஸ் அணியில் கடைசி இடங்களில் ஒன்றைப் பிடித்தார். அக்டோபரில் அந்த அணி அவரை நீக்கியதும், வேவர் வழியாகத் தாம்பா பே அணி கோரிப் பெற்றுக்கொண்டது. அங்கே வளர்ந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 பருவத்துக்காக, அதே சியாட்டல் அவரைப் பணம் கொடுத்து மீண்டும் அழைத்துவந்தது. அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையும் வென்றது. வேவரைத் தாண்டிவிடுவார் என்று போடும் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: சிறப்பு அணிகளில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கு இறங்குபவை) ஆடத் தெரிந்தால்தான் கடைசி இடம் கிடைக்கும் என்கிறார்களே, இவ்வளவு பெரிய உடம்போடு அவர்கள் என்ன ஆடுவார்கள்? (வாசகர், டியூசான்)

லைன்பேக்கருக்கும் பின்வரிசைக்காரருக்கும் அது இரும்பு விதி. இங்கே பாதி விதிதான். ஓரத்தில் நிற்கும் வேகமான வீரர்களை, பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுக்கும் பன்ட் ஆட்டங்களில் பயன்படுத்துவார்கள். நடுவில் நிற்கும் பெரியவர்களுக்கு எதிரணியின் ஃபீல்ட் கோல் உதையைக் கைநீட்டித் தடுப்பது ஒரு வேலை. அதில் நீண்ட கையும் உயரமும் உள்ளவருக்குக் கூடுதல் மதிப்பு.

கேள்வி: முன்பருவ ஆட்டங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தது இவர்களைப் பாதித்திருக்கிறதா? (வாசகர், ஒமாஹா)

பாதித்திருக்கிறது. 2021-இல் முதன்மைப் பருவம் 17 ஆட்டங்களாக நீண்டபோது முன்பருவம் மூன்றாகச் சுருங்கியது. பழைய நான்காவது ஆட்டத்தில் தொடக்க வீரர்கள் யாரும் இறங்கமாட்டார்கள். அது முழுக்க முழுக்க இடம் தேடுபவர்களின் மேடையாக இருந்தது. அது போனதில் கடைசி வரிசை வீரர்களுக்கு நட்டம்தான். முன்பு படிப்படியாக நடந்த ஆட்குறைப்பும் 2023 முதல் 90-இலிருந்து 53-க்கு ஒரே நாளில் நடக்கிறது. இதனால் கடைசி ஆட்டம்வரை அதிகம் பேர் முகாமில் இருக்க முடிகிறது என்பது மட்டும் ஒரு சிறு ஈடு.

ஆட்டங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது, இரண்டு அணிகள் ஓரிரு நாட்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பயிற்சி. அங்கே தாக்குதல் வரிசை வீரரும் தற்காப்பு வரிசை வீரரும் ஒருவருக்கொருவர் நேராக மோதும் பயிற்சி நடக்கும். எதிரில் நிற்பவர் மூன்றாம் நிலை ஆளாக இல்லாமல் தொடக்க வீரராகவே இருக்கக்கூடும். பல பயிற்சியாளர்கள் முன்பருவ ஆட்டத்தைவிட அதையே நம்புகிறார்கள் என்பதால், நாம் தொலைக்காட்சியில் பார்க்காத ஒரு புதன்கிழமை காலையிலேயே ஒருவருடைய இடம் முடிவாகியிருக்க வாய்ப்புண்டு. பார்வையாளருக்கு இது நியாயமில்லைதான், வீரருக்கு இது கூடுதல் நியாயம் என்பது என் எண்ணம்.

கேள்வி: அப்படியானால் கடைசி முன்பருவ ஆட்டத்தைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, பாய்சி)

யார் எப்போது களமிறங்குகிறார் என்பதைப் பாருங்கள். இடம் உறுதியானவர்கள் அன்று ஆடவேமாட்டார்கள். முதல் கால்பகுதியில் இறங்கி, அதோடு தொப்பியை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பவர் பெரும்பாலும் தப்பித்துவிட்டார். இரண்டாம், மூன்றாம் கால்பகுதிகளில் திரும்பத் திரும்ப இறக்கப்படுபவரைப் பற்றித்தான் பயிற்சியாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே ஆளை ஒருமுறை சென்டருக்கு நேரேயும், அடுத்த முறை கார்டின் வெளித்தோளுக்கு நேரேயும், பிறகு டேக்கிளுக்கு எதிரிலும் நிறுத்திப் பார்த்தால், ஒருவரைக் கொண்டு இரண்டு இடங்களை நிரப்ப முடியுமா என்று சோதிக்கிறார்கள் என்று பொருள். அந்தச் சோதனையில் தேறுபவர் இன்னொருவருடைய இடத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார்.

பந்தைப் பார்க்காமல் இரண்டு மூன்று ஸ்னாப்புகளுக்கு அவரை மட்டும் பாருங்கள். பந்து அசைந்ததும் அவருடைய தலைக்கவசம் எதிராளியின் தலைக்கவசத்துக்கு மேலே எழுகிறதா, கீழேயே இருக்கிறதா? ஓட்டம் மறுபக்கம் போய்விட்ட பிறகும் துரத்துகிறாரா, நின்றுவிடுகிறாரா? நான்காம் கால்பகுதியில் மூச்சு வாங்கும்போதும் இவை மாறாமல் இருக்கின்றனவா? பிறகு, செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு வெளியாகும் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். புதன்கிழமை நண்பகலுக்குப் பிறகு மற்ற அணிகள் கோரிய வீரர்களின் பெயர்களையும் பாருங்கள். உங்கள் அணி எட்டாவது ஆளாக வைத்திருந்த தற்காப்பு வரிசை வீரர், வெளியே இருந்து கோரப்பட்ட ஒருவருக்காக அன்று மாலையே நீக்கப்படுவதும் உண்டு.